ஒரு ஷில்லிங் விமர்சகனைத் தெரியுமா?

பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு ஷில்லிங் காசுக்காகச் சொன்ன அபிப்பிராயம், ஃபேன்டஸி கதைகளின் தலையெழுத்தையே மாற்றியது தெரியுமா? ஆண்டு 1936. லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் மேசைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கான கதையைப் பிள்ளைதான் எடைபோட வேண்டும் என்பது அன்வினின் கொள்கை. பிரதியை மகன் ரெய்னரிடம் நீட்டினார். படித்துவிட்டுக் கருத்து எழுதிக் கொடுத்தால் கூலி ஒரு ஷில்லிங்! ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான் பையன். மறுவருடமே புத்தகம் வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. வளர்ந்து ஆளாகிப் பதிப்பகத்துக்குள் வந்த அதே ரெய்னர்தான், ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டும், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவர அப்பாவிடம் அனுமதி வாங்கினார். டோல்கீன் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகித விலையும் நஷ்ட பயமும் சேர்ந்து 1954, 55-ல் அதை மூன்று பாகமாக்கின. மூன்று பாகக் கதை என்ற பழக்கம் ஃபேன்டஸியில் ஊன்றிப்போனதில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு பையனின் கதை தெரியுமா? அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பாவோலினி பதினைந்து வயதில் ‘எரகான்’ எழுதத் தொடங்கினார். குடும்பமே சேர்ந்து அச்சிட்டது. பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய் விற்றார்கள். அதைப் படித்துச் சொக்கிப்போனவர்களில் ஒருவன் எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன். ஹையாசன் தன் பதிப்பகத்தாரிடம் சொல்ல, 2003-ல் புத்தகம் ஊரெல்லாம் போனது. மூன்று பாகம் என்று திட்டமிட்டது நான்காக வளர்ந்தது தனிக்கதை.

சரி, நான்காம் பாகம் ஒன்று கிளப்பிய பெரிய சண்டைக்கு வருவோம். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதைகள் 1968, 1971, 1972 என்று மூன்று பாகங்களாக வந்தன. பதினெட்டு ஆண்டுகள் வாசகர்கள் அதை முடிந்த கதை என்றே நினைத்திருந்தார்கள். 1990-ல் திடீரென்று நான்காவது பாகம், ‘தெஹானு’! அதில் உலகையே காத்த மந்திரவாதி நாயகனுக்கு மந்திரம் போய்விட்டது, ஆடு மேய்க்கிறான். கதையைத் தாங்குகிறவள் பண்ணையில் வாழும் நடுவயது விதவை, அவள் வளர்க்கும் தீக்காயம் பட்ட சிறுமியோடு. எங்கள் நாயகனை இப்படிச் செய்துவிட்டீர்களே என்று கொதித்தார்கள் பலர். எர்த்ஸீயிலேயே இதுதான் உச்சம் என்றார்கள் மற்றவர்கள். நெபுலா விருதும் கிடைத்தது. நான் இரண்டாவது கட்சி. வீரம் முடிந்த பிறகும் சோறாக்கவும் பிள்ளை வளர்க்கவும் யாரோ வேண்டும் என்பதை இவ்வளவு அழகாகச் சொன்ன மாயக்கதை எனக்கு வேறு தெரியாது.

அந்த எர்த்ஸீ நாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்பது தெரியுமா? முதல் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார் லெ குவின். ஆனாலும் அட்டைப்படங்கள் பலவற்றில் அவன் வெள்ளைக்காரனாகவே வந்தான். 2004-ல் தொலைக்காட்சித் தொடரும் அப்படியே செய்தபோது வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அப்படியும் கண்கள் திறந்தனவா? ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் முதல் கதையில் ரூ என்ற சிறுமி கரும்பழுப்பு நிறத்தவள் என்று அச்சிலேயே இருக்கிறது. 2012-ல் திரைப்படத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததும், அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களிலேயே சிலர் ட்விட்டரில் கொந்தளித்தார்கள். படித்தும் பார்க்கவில்லை! அந்த வெறுப்பைக் கண்ட கோபமும் தன்னை எழுதவைத்தது என்று சொன்னவர் எழுத்தாளர் டோமி அடெயெமி. நைஜீரிய யொரூபா மக்களின் தெய்வங்களோடு 2018-ல் அவர் தொடங்கிய மூன்று பாகக் கதை 2024-ல்தான் நிறைவடைந்தது. இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையில் மட்டும் நாலரை ஆண்டு காத்திருந்தார்கள் வாசகர்கள்.

நேசிக்கவைக்கவும் எரிச்சலூட்டவும் ஒரே கதையால் முடியுமா? பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்று பாகங்களும் 1995 முதல் 2000 வரை வந்தன. 2003-ல் பிபிசி நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அதே கதையை நூலகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அமெரிக்காவில் வந்த எதிர்ப்பு, அங்கே அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதை இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. காரணங்களில் ஒன்று, மதத்தைக் கதை பார்த்த விதம்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்த லைராவும் வில்லும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள்: ஆண்டுதோறும் கோடை நடுநாளில், நண்பகலில், அவரவர் உலகத்து ஆக்ஸ்ஃபோர்டில், இதே இடத்தில் வந்து உட்காருவோம் என்று. அந்த பெஞ்சு நிஜமாகவே இருக்கிறது தெரியுமா? 1621-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவில். வாசகர்கள் தேடிப் போனார்கள். அழுதார்கள். மரத்தில் இருவர் பெயரையும் செதுக்கினார்கள். கடைசியில் பூங்காக்காரர்களே 2019-ல் அந்த பெஞ்சுக்குப் பின்னால் லைரா, வில் இருவரின் உயிர்த்துணை விலங்குகளுக்கும் ஒரு சிற்பம் வைத்துவிட்டார்கள்.