இயந்திரமா, இயந்திரனா?

'நாய் வந்தது', 'ஆசிரியர் வந்தார்' என்னும் தொடர்களில் வினைமுற்று வேறுபடுவதற்குக் காரணம் திணையே என்பதை மாணவர் முன் வகுப்பிலேயே அறிந்திருப்பர். மக்கள் உயர்திணை, ஏனைய உயிர்களும் உயிரற்ற பொருள்களும் அஃறிணை. தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே இப்பாகுபாட்டைக் கொண்டுதான். ஆனால் பேசவும், நூல்களைப் படிக்கவும், தானே சிந்திக்கவும் வல்ல ஒரு நாய் இருந்து, அந்நாய் உலோகத்தால் செய்யப்பட்டதாகவும் இருந்தால், அதனை எத்திணையில் சேர்ப்பது?

அத்தகைய நாயைத் தமிழில் படைத்தவர் எழுத்தாளர் சுஜாதா. அந்நாயின் பெயர் ஜீனோ. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'என் இனிய இயந்திரா' என்னும் புதினத்தில் அது வருகிறது. கதை நிகழும் ஆண்டு 2021. எழுதிய காலத்தில் அது தொலைவில் இருந்த எதிர்காலம். இப்பாடத்தைப் படிப்போருக்கோ கடந்த காலம் ஆகிவிட்டது.

அக்கதையில் நாடு ஜீவா என்னும் சர்வாதிகாரியின் பிடியில் உள்ளது. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்டுவிட்டன: நிலா, சிபி, ரவி, மனோ. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நிலாவின் கணவன் சிபி ஒருநாள் காணாமற்போகிறான். அவளுடைய வீட்டில் ரவி என்னும் முன்பின் அறியாதவன் குடிபுகுகிறான். அவனோடு வந்த வளர்ப்பு நாயே ஜீனோ. ஆட்சிக்கு எதிராகச் சதி ஒன்று உருவாகிறது. யார் யாருடைய ஆள், யாரை நம்புவது என்னும் ஐயம் கதை முழுதும் தொடர்கிறது. முடிவை இங்கே கூறினால் நூலைப் படிக்கப்போகும் மாணவரின் சுவை கெடும். இதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வும் நூலாகக் கிடைக்கிறது.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். சுஜாதா என்பது அவருடைய மனைவியின் பெயர். பொறியாளரான அவர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தார். அவ்வியந்திரம் முதன்முதலாக 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் பயன்பட்டது. மக்கள் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்க உதவும் இயந்திரத்தை ஆக்கியவரே, தேர்ந்தெடுக்கும் உரிமையற்ற மக்களின் கதையையும் எழுதினார் என்பது கருதத்தக்கது.

இனி, நூலின் தலைப்பைக் காண்போம். 'மரம்' விளியேற்கும்போது 'மரமே' ஆகும்; 'நண்பன்' என்பது 'நண்பா' ஆகும். அவ்வாறே 'இயந்திரம்' என்பதை அழைத்தால் 'இயந்திரமே' என்று வரவேண்டும். தலைப்பில் இருப்பதோ 'இயந்திரா'. அதாவது 'இயந்திரன்' என்னும் ஆண்பாற்சொல்லே விளியேற்று நிற்கிறது. கதை தொடங்குமுன்பே, ஒரு விகுதியால், பொருள் ஆளாகிவிட்டது!

இது பிழையா? அன்று. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருவதை நன்னூல் ஏற்கிறது. தம் பசு வருவதைக் கண்டு 'அம்மா வந்தாள்' என்று கூறும் உழவர் உவப்பினால் திணையை மாற்றுகிறார். இலக்கணத்தார் இதனைத் திணை வழுவமைதி என்பர். ஆனால் இவ்வழி இருபுறமும் செல்லும். சினத்தால் ஒருவனைச் சுட்டி 'மாடு வருகிறது' என்றால், உயர்திணை அஃறிணையாகத் தாழ்கிறது. ஜீவாவின் நாட்டில் நிகழ்வதும் இவ்விரண்டுமே. நாய் மேலேறுகிறது, மக்கள் எண்களாகக் கீழிறங்குகின்றனர்.

மும்பை வாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் கற்பனையாகத் தோன்றாது. பள்ளிப் படிவத்தில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்கள் இருக்கும். தமிழ்ப் பெயரின் முன் ஓரெழுத்தாய் நின்ற தந்தையின் பெயர், கடைசிக் கட்டத்திற்குப் போய்க் குடும்பப்பெயர் ஆகிவிடும். அதனால் செம்பூரில் ஒரு குடும்பத்தில் தந்தைக்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு 'குடும்பப்பெயர்' இருப்பதைக் காணலாம். தாராவியில் மறுசீரமைப்பிற்காக 2024இல் தொடங்கிய கணக்கெடுப்பில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஓர் எண் இடப்பட்டது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீடு என்பதற்குச் சான்று காட்டுவோர்க்கே தாராவிக்குள் இலவச வீடு கிடைக்கும் என்பது விதி. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பமும் தான் யார் என்பதைத் தாளைக் கொண்டே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. எண்ணால் நன்மையே இல்லை என்று கூறவும் இயலாது. அந்த எண் இல்லாத வீடு கணக்கிலேயே வராது.

நாட்டின் முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று இதே மகாராட்டிரத்தில், நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, 'எந்திரன்' திரைப்படம் வெளிவந்தது. அதன் உரையாடலில் பங்காற்றிய சுஜாதா 2008இலேயே மறைந்துவிட்டார். அப்படத்தின் பெயரிலும் அதே 'அன்' விகுதி நிற்பதை மாணவர் கவனிக்கலாம்.

ஜீனோ கதையில் மட்டுமே வாழ்ந்தது. அதற்கு ஓரளவு ஒப்பான ஐபோ என்னும் இயந்திர நாயைச் சப்பானின் சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2014இல் பழைய ஐபோக்களைப் பழுதுபார்க்கும் பணியை அந்நிறுவனம் நிறுத்தியது. இயங்காத நாய்களைக் குப்பையில் இட உரிமையாளர்க்கு மனம் வரவில்லை. சிபா மாநிலத்துப் பௌத்தக் கோயில் ஒன்றில் அவற்றுக்கு இறுதிச்சடங்கு நடைபெற்றது. பின்னர் அவற்றின் உறுப்புகள் பிற ஐபோக்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன. துறவியர் மந்திரம் ஓத, வரிசையாக வைக்கப்பட்ட நாய்களின்மேல் சீட்டுகள் கட்டப்பட்டிருந்தன. அச்சீட்டுகளில், அந்த நாய் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தது.