தப்பான ரீடிங்... சரியான ப்ராஜெக்ட்!

ஃபைனல் இயரா? இல்ல, மினி ப்ராஜெக்ட் பக்கம் வந்துட்டீங்களா? அப்படின்னா உங்க செல்லுக்கும் அந்த மெசேஜ் கண்டிப்பா வந்திருக்கும். 'மெக்கானிக்கல், ஏரோ ப்ராஜெக்ட்டுகள் ரெடி! மாடல், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து ஒரே ரேட். வைவா டிரெய்னிங் இலவசம்!'

போன வருஷம் எங்க சீனியர் டீம் ஒண்ணு 12,000 ரூபாய் கொடுத்து அப்படி ஒரு மாடலை வாங்கினாங்க. பெயின்ட் வாசனைகூடப் போகாத புத்தம் புது அயிட்டம். வைவா அன்னிக்கு நாங்க வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தோம். எக்ஸ்டர்னல் ரொம்ப சாஃப்ட்டான மனுஷர். "இந்த ஸ்பிரிங் எதுக்குப்பா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நாலு பேரும் அந்த ஸ்பிரிங்கைப் பார்த்தாங்க. ஸ்பிரிங் அவங்களைப் பார்த்தது. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மார்க் போட்டு அனுப்பிட்டார், அது வேற விஷயம். ஆனா வெளியே வந்த சீனியர் அண்ணன் முகத்துல சிரிப்பே இல்லை. "இன்டர்வியூவுல இதையே கேட்டா என்னடா பண்றது?" என்றார்.

இந்த வருஷம் அந்த மெசேஜ் எங்களுக்கு வந்தது.

கலாம் சார் வாங்கின டோஸ்

ப்ராஜெக்ட்டுக்காகத் திட்டு வாங்கினது நாம மட்டும்தான்னு நினைக்காதீங்க. 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்துக்கொண்டிருந்தார் ராமேஸ்வரம் பையன் ஒருவர். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை டிசைன் செய்வதுதான் அவருக்கும் நாலு நண்பர்களுக்கும் ப்ராஜெக்ட். ஏரோடைனமிக் டிசைன் அவர் பொறுப்பு. வேலையைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசனுக்குச் சுத்தமாகத் திருப்தி இல்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பையன் ஒரு மாசம் டைம் கேட்டார். சார் கொடுத்ததோ மூணே நாள். திங்கட்கிழமை காலை டிராயிங் வரலைன்னா ஸ்காலர்ஷிப் கட்!

ராத்திரியெல்லாம் டிராயிங் போர்டே கதி என்று கிடந்து முடித்தார் அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் அவரே சொல்லியிருக்கும் சம்பவம் இது. அவருக்கும் ஸ்காலர்ஷிப் போயிடுமோங்கற பயம் இருந்தது. இருந்தும், தன் டிராயிங்கைத் தானேதான் போட்டார்.

சரி, நாமளும் சொந்தமா பண்ணுவோம்னு முடிவெடுத்தோம். ஆனா என்ன பண்றது?

சைக்கிள் கடையில் ஒரு காற்றுப் பெட்டி

"விண்ட் டன்னல் செய்யுங்களேன்" என்றார் எங்க கைடு மேடம். ஒரு பெட்டி, ஒரு ஃபேன். காற்றைச் சீராக ஓடவிட்டு, நடுவில் இறக்கை மாடலை வைத்துச் சோதிப்பது. ஏரோவுக்கும் ஆச்சு, மெக்கானிக்கலுக்கும் ஆச்சு.

"இவ்வளவுதானா மேடம்?" என்று கொஞ்சம் இழுத்தோம். அதுக்கு அவங்க சொன்ன கதை செம.

1901-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் செம கடுப்பில் இருந்தார்கள். புத்தகக் கணக்குப்படி கிளைடர் செய்தார்கள். அது தூக்க வேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கியது. தப்பு நம்ம கை வேலையிலா, புத்தகத்திலா? கண்டுபிடிக்க ஒரு மரப்பெட்டி செய்தார்கள். 6 அடி நீளம், 16 அங்குல சதுர வாய். உள்ளே காற்றின் விசையை அளக்கும் தராசை எதில் செய்தார்கள் தெரியுமா? பழைய ஹேக்சா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும்! சுமார் 200 இறக்கை மாடல்களைச் சோதித்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பலரும் பயன்படுத்திய 0.005 என்ற எண் தப்பு, 0.0033-க்குப் பக்கத்தில்தான் இருக்கணும் என்று தெரிந்தது. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் விமானம் 12 விநாடி பறந்தது.

"அவங்க தங்களோட ரீடிங்கை நம்பினாங்க. அதனாலதான் பறந்தாங்க" என்றார் மேடம். அந்த வரி அப்போ எங்களுக்குச் சரியா ஏறலை. பின்னாடி ஏறுச்சு.

நம்ம ஏரியா கெத்து

ஆவடிப் பக்கம் காலேஜ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோமே... அந்த ஏரியாவில் என்ன இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ.யில்தான் அர்ஜுன் டேங்க் டிசைன் ஆனது. 1974-இல் அனுமதி கிடைத்த ப்ராஜெக்ட். எத்தனையோ சோதனை, எத்தனையோ திருத்தம். 2021-இல் அதன் மேம்பட்ட 'மார்க் 1ஏ' ரகத்தில் 118 டேங்குகளுக்கு ஆர்டர் கிடைத்தது. கட்டும் பொறுப்பு, பக்கத்திலேயே இருக்கும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு. டேங்க் மட்டுமில்லை பாஸ், தேஜஸ் போர் விமானத்தில் இன்ஜின் சக்தியை எடுத்து பம்ப்பையும் ஜெனரேட்டரையும் ஓட்டும் கியர்பாக்ஸை உருவாக்கியதும் இதே சி.வி.ஆர்.டி.ஈ.தான்!

அந்தப் பக்கம் அம்பத்தூர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வளர்ந்த ஊர். 1964-இல் வந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். லேத், மில்லிங், ஷீட் மெட்டல், கியர் கட்டிங்... உங்க டிராயிங்கில் இருக்கிற எதை வேணும்னாலும் செய்து தர ஒரு பட்டறை அங்கே இருக்கும். ரைட் பிரதர்ஸுக்கு ஒரே ஒரு சைக்கிள் கடைதான் இருந்தது. நமக்கு ஒரு ஊரே இருக்கு!

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, டிராயிங்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு ஷீட் மெட்டல் பட்டறைக்குள் நுழைந்தோம். அண்ணன் டிராயிங்கை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "தம்பி, டாலரன்ஸ் போடலையே. நான் எந்த அளவுல வெட்டறது?" எங்க நாலு பேருக்கும் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது! ஆனா இந்த அண்ணன் விரட்டலை. டீ சொல்லிட்டு, உட்கார வைத்து, அளவு எப்படிக் குறிக்கணும்னு சொல்லிக்கொடுத்தார். நாலு செமஸ்டர் டிராயிங் கிளாஸில் ஏறாத விஷயம் ஒரு டீ டைமில் ஏறியது.

ஜூஸ் கடை டெக்னாலஜி

எங்க டன்னலின் ஜாதகம் இதுதான். காற்று நுழையும் வாய் 40 செ.மீ. சதுரம். அது சுருங்கிச் சுருங்கி 20 செ.மீ. சதுரமான டெஸ்ட் செக்‌ஷனில் முடியும். பரப்பளவு நாலில் ஒரு பங்கு ஆவதால் காற்றின் வேகம் நாலு மடங்கு ஆகும். கடைசியில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் காற்றைத் தள்ளக் கூடாது, உறிஞ்ச வேண்டும். தள்ளினால் சுழல் காற்று அப்படியே மாடல் மேல் போய் மோதும்.

நுழைகிற காற்றை ஒழுங்குபடுத்தத் தேன்கூடு மாதிரி ஓர் அமைப்பு வேணும். அதுக்கு ஜூஸ் கடை பேப்பர் ஸ்ட்ரா! 8 மி.மீ. தடிமன் ஸ்ட்ராவை மூணு துண்டாக வெட்டினோம். ஒரு துண்டின் நீளம் தடிமனைப் போல சுமார் எட்டு மடங்கு. மொத்தம் 2,500 துண்டு. ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ட்ரா ஒட்டியதில், ஃபெவிகால் இன்னும் என் கைக்கடிகாரத்தில் இருக்கு.

வேகத்தை அளக்க பிட்டாட் குழாயும், கலர் தண்ணி ஊற்றிய 'யு' டியூபும். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருந்த காற்றோட்ட அளவை டெஸ்ட் செக்‌ஷன் பரப்பால் வகுத்தால் விநாடிக்கு 15 மீட்டர் வரணும். அதாவது 'யு' டியூபில் தண்ணி மட்டம் 14 மி.மீ. வித்தியாசம் காட்டணும்.

சுவிட்ச் போட்டோம். காட்டியது 5 மி.மீ. கணக்குப் போட்டால் வேகம் வெறும் 9 மீட்டர்.

அந்த ஒரு நிமிஷம்

இங்கேதான் பாஸ் மேட்டரே! சப்மிஷனுக்கு இன்னும் பத்து நாள். எங்க டீமில் ஒருத்தன் மெதுவா சொன்னான். "மச்சி, 15-ன்னே எழுதிடுவோம். யார் வந்து அளந்து பார்க்கப் போறா?"

பொய் சொல்லலை, ஒரு நிமிஷம் நாலு பேருக்கும் அது நல்ல ஐடியாவாத்தான் தெரிஞ்சது. அப்புறம்தான் உறைச்சது. இப்படி எழுதிட்டா, 12,000 ரூபாய் கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்ட்ரா ஒட்டினது மட்டும்தானே மிச்சம்!

மேடத்திடமே போய் உண்மையைச் சொன்னோம். திட்டுவாங்கன்னு நினைச்சோம். "அப்பாடா, இப்பதான் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிருக்கு" என்று சிரிச்சாங்க. அவங்க பிஹெச்.டி.யில் ஒரு முழு அத்தியாயம், ஒத்துவராத ஒரே ஒரு ரீடிங்கைத் துரத்திப் போனதில் கிடைத்ததாம். முதலில் 'யு' டியூபின் ஒரு கையை 30 டிகிரிக்குச் சாய்க்கச் சொன்னாங்க. சாய்ந்த குழாயில் தண்ணி அதிக தூரம் நகரும், மில்லிமீட்டரைத் தெளிவாகப் படிக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை டன்னலை மினி லோடு ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் காட்டினார். மூணு இடத்தில் புகை சர்ரென்று உள்ளே இழுத்தது. லீக்! காற்று எங்க ஸ்ட்ரா வழியா வராம, சந்து வழியா உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வில்லன் டிஃப்யூசர். டெஸ்ட் செக்‌ஷனையும் ஃபேனையும் இணைக்கும் விரிகிற பகுதி. ஹாஸ்டல் ரூம் கதவுக்குள் நுழையணுமேன்னு 20 செ.மீ. நீளத்தில் செய்திருந்தோம். இப்படிச் சட்டென்று விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழல ஆரம்பித்துவிடும், வேகம் வீணாகும். ஒரு பக்கத்துக்கு 3 டிகிரி அளவில் மெதுவாக விரியணும். அதுக்கு 70 செ.மீ. நீளம் தேவை. அண்ணன் புதுசா வெட்டி, மடித்து, ரிவெட் அடித்துக் கொடுத்தார். தகட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

மறுபடி சுவிட்ச். 8 மி.மீ.! வேகம் 11.4 மீட்டர். பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினோம்.

அப்புறமும் 15 ஏன் வரலை? ஃபேன் பெட்டியில் போட்டிருப்பது திறந்தவெளியில் ஓடும்போது கிடைக்கும் அளவு. முன்னால் ஸ்ட்ரா, குறுகல், நீளக் குழாய் என்று தடை வைத்தால் ஃபேன் அவ்வளவு காற்றை இழுக்காது. நாங்க எதிர்பார்த்த 15-தான் தப்பு. 11.4 சரி. ரைட் பிரதர்ஸ் கதை அப்பத்தான் எங்களுக்கு ஏறுச்சு.

நாலு தடவை நின்ற ராக்கெட்

'இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு'ன்னு தோணுதா? ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியுடன் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்.மும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அக்னிகுல். முழு ராக்கெட் இன்ஜினையும் ஒரே துண்டாக 3டி பிரின்ட் செய்து பறக்கவிடணும் என்பது அவர்கள் கனவு. 2024-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் எல்லாம் ரெடி. ஆனா ஒரு தடவை இல்லை, நாலு தடவை கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 'பரவாயில்லை, விடு'ன்னு ஏவியிருக்கலாம். ஏவலை. சரிசெய்தார்கள். 2024 மே 30 காலை அக்னிபான் பறந்தது. ரீடிங் சரியில்லைன்னா நிறுத்தணும் என்பது மினி ப்ராஜெக்ட்டுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே ரூல்தான்.

எங்க வைவாவும் முடிஞ்சது. "15 எதிர்பார்த்தீங்க, 11.4 வந்திருக்கு. ஏன்?" என்று கேட்டார் எக்ஸ்டர்னல். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிச்சோம்! லீக், ஊதுபத்தி, 3 டிகிரி, ஃபேன் பெட்டி என்று இருபது நிமிஷம். கடைசியில் அவரே, "போதும்பா, அடுத்த டீம் வெயிட் பண்றாங்க" என்று கும்பிட்டார்.

ரிப்போர்ட் எழுதித்தர இப்போ ஏ.ஐ.கூட வந்தாச்சு பாஸ். ஆனா லீக் எங்கேன்னு ஊதுபத்தி பிடிச்சுப் பார்க்க அதுக்குக் கை கிடையாது. உங்களுக்கு ரெண்டு இருக்கு. அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா டெலிட் பண்ணிட்டு, பட்டரவாக்கத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்க.

மறக்காம, டிராயிங்கில் டாலரன்ஸ் போட்டு எடுத்துட்டுப் போங்க!