பூச்சு வேலைக்கு முன்னாடி பிளான் போடுங்க: கீழ்த்தள வயரிங்கும் ஒரு ஷாக்கும்

வழக்கமா கோடு, வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு சுவருக்குள்ள போற வயரைப் பத்திப் பேசலாம்.

வீட்டு வயரிங் பிளான்னு யூடியூப்ல தேடினா, வர்றதுல பாதி அமெரிக்கா பேஸ்மென்ட் வீடியோ. வீட்டுக்கு அடியில சும்மா கிடக்கிற அறையை ரூமா மாத்துறாங்க. எங்க பாகூர் பக்கம் பேஸ்மென்ட்னு சொன்னா கொத்தனாருக்கு வேற அர்த்தம். அஸ்திவாரத்துக்கு மேல, வீட்டுத் தரை மட்டம் வரைக்கும் ஏத்திக் கட்டுற பகுதி அது. "பேஸ்மென்ட் மூணு அடி ஏத்திடலாமா தம்பி?"ன்னுதான் கேட்பாங்க.

ஆனா அதே மாதிரி வேலை இங்கயும் நடக்குது. கீழ பில்லர் மட்டும் நிறுத்தி, வண்டி விட, நெல் மூட்டை அடுக்க இடம் விட்டு மேல வீடு கட்டுவாங்க. சில வருஷம் கழிச்சு கீழயும் சுவர் எழுப்பி ரூம் ஆக்குவாங்க. எங்க வீட்டுலயும் அதான் நடந்துச்சு. எனக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம், அம்மாவுக்கு மாடிப்படி ஏறினா முழங்கால் வலி. கீழ ரெண்டு ரூம் போடலாம்னு முடிவு பண்ணோம்.

முதல்ல ஒரு கதை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. 24 மணி நேரத்துல புதுச்சேரியில சுமார் 48 செ.மீ. மழை. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில இருந்து திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து, பாகூர் கொம்யூன்ல பல கிராமங்களுக்குள்ள புகுந்துச்சு. அந்தப் பக்கம் வில்லியனூர்ல சங்கராபரணி கரையிலயும் தண்ணிக் கவலைதான்.

எங்க கீழ்த்தளத்துல ஒன்றரை அடி தண்ணி. கரண்ட் இல்லாததால அப்போ ஒண்ணும் ஆகல. தண்ணி வடிஞ்சு, கரண்ட் வந்து, அம்மா கீழ இருந்த வாஷிங் மெஷின் மேல கை வெச்சாங்க. சுரீர்னு ஒரு ஷாக். ரப்பர் செருப்பு போட்டிருந்தாங்க, கையை உதறிட்டாங்க. அதனாலதான் இந்தக் கதையை இவ்வளவு சாதாரணமா சொல்ல முடியுது.

எங்க டி.பி. பாக்ஸ்ல ஆர்.சி.சி.பி. இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் அது விழல? டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். அசையல. வேற ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு மூடியைத் திறந்தா, உள்ள வந்த வயரையும் வெளிய போற வயரையும் நேரா சேர்த்து விட்டிருந்தாங்க. ஆர்.சி.சி.பி. சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருந்துச்சு.

அப்பாகிட்ட கேட்டப்போதான் விஷயம் தெரிஞ்சது. "அது சும்மா சும்மா டிரிப் ஆகிட்டே இருந்துச்சுப்பா. அப்ப வேலை பார்த்தவர் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போனாரு."

நம்ம பாஷையில சொன்னா, ஃபெயில் ஆகிற டெஸ்ட்டை கமென்ட் பண்ணிட்டு டிப்ளாய் பண்ணியிருக்காங்க.

சும்மா சும்மா ஏன் விழுந்துச்சு?

ஆர்.சி.சி.பி. செய்யற வேலை ரொம்ப சிம்பிள். ஃபேஸ்ல போன கரண்ட், நியூட்ரல்ல அப்படியே திரும்பி வருதான்னு பார்க்கும். குறைஞ்சா, மிச்சம் வேற எங்கயோ போகுதுன்னு அர்த்தம். ஈரச் சுவரா இருக்கலாம், மெஷின் பாடியா இருக்கலாம், ஒரு மனுஷனாவும் இருக்கலாம். வீட்டுல போடறது 30 மில்லி ஆம்பியர் ரகம். அந்த அளவு கசிவு வந்தாலே கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும்.

எங்க வீட்டுல மாடி லைட்டோட நியூட்ரலையும் கீழ்த்தள நியூட்ரலையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல முறுக்கி விட்டிருந்தாங்க. மாடி லைட் போட்டா ஃபேஸ் ஒரு வழியா போகுது, திரும்பி வர்ற கரண்ட்ல பாதி இன்னொரு வழியா வருது. கணக்கு இடிக்குது, ஆர்.சி.சி.பி. விழுது. அது கரெக்டாதான் வேலை செஞ்சிருக்கு. தப்பு சுவருக்குள்ள. ஆனா அதைத் தேடணும்னா பூசின சுவரை உடைக்கணும். பைபாஸ் பண்ண ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

அதனாலதான் பிளான் முன்னாடியே வேணும்னு சொல்றேன். பூச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் தெரியற வயரிங் தப்பை, பெரும்பாலும் யாரும் சரி பண்றதில்ல. மறைச்சுட்டுப் போயிடறாங்க.

எம்.சி.பி.யும் எர்த்தும் இருந்தா போதாதா?

நிறைய பேர் இதைக் கேட்கிறாங்க. ஒரு சின்ன கணக்கு போடுவோம். வோல்டேஜ் 230. உங்க எர்த் குழி நல்லா இல்ல, ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு வெச்சுக்கலாம். மெஷின் பாடியில ஃபேஸ் பட்டா எர்த் வழியா ஓடற கரண்ட் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். உங்க எம்.சி.பி. 16 ஆம்பியர். அது விழவே விழாது. மெஷின் பாடி கரண்டோட அப்படியே நிக்கும்.

குழியை நல்லா போட்டு 5 ஓமுக்குக் கொண்டு வந்தாலும் 46 ஆம்பியர்தான். சி டைப் எம்.சி.பி. உடனே விழணும்னா அதோட அளவைப் போல 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேணும், அதாவது 80-ல இருந்து 160 ஆம்பியர். இல்லன்னா சூடாகி விழறதுக்கு சில நொடிகள் எடுத்துக்கும். ஷாக் அடிக்கும்போது சில நொடிங்கிறது ரொம்ப ரொம்ப அதிகம்.

எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாத்தும். எர்த் இருந்தா, நீங்க தொடறதுக்கு முன்னாடியே ஆர்.சி.சி.பி. விழுந்துடும். மூணும் வேணும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க: ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது.

நாங்க போட்ட பிளான்

முதல்ல லிஸ்ட். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,600 வாட், ஹீட்டர் 2,000, அயர்ன் பாக்ஸ் 1,000, மோட்டார் 1,000, லைட், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 500. கூட்டினா 6,100 வாட், கிட்டத்தட்ட 26.5 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுதான். ஆனா உங்க கனெக்‌ஷனோட சாங்ஷன் லோடு எவ்வளவுன்னு பார்த்துட்டு, பத்தலைன்னா மின்துறையில எழுதிக் கொடுத்து ஏத்திக்கங்க.

ரெண்டாவது, சர்க்யூட் பிரிக்கிறது. லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் வயர். 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு ரெண்டரை. ஏ.சி.க்கு நாலு ஸ்கொயர், தனி எம்.சி.பி. மாடிக்கு ஒரு ஆர்.சி.சி.பி., கீழுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நியூட்ரல் தனித்தனி பார்ல. இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் தனி. எலக்ட்ரீஷியன்கிட்ட நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "அண்ணே, எந்த பாக்ஸ்லயும் நியூட்ரலைக் கலக்கிடாதீங்க."

மூணாவது, தண்ணி. ஃபெஞ்சல் தண்ணி நின்ன கறை சுவர்ல இருந்துச்சு. அதுக்கு மேல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டோம். பிளக் எல்லாம் நாலு அடி உயரத்துல. கால் மட்டத்துல ஒண்ணுகூட கிடையாது. டி.வி.க்குப் பின்னாடி வயர் தொங்குதேன்னு தங்கச்சி திட்டினா, தொங்கட்டும்னு விட்டுட்டோம். பைப் எல்லாம் மேல இருந்து கீழ இறங்கும், தரைக்குள்ள ஒண்ணும் போகாது. டி.பி. மாடியில. கீழ தண்ணி வந்தா மாடியில நின்னே கீழ்த்தளத்தை மட்டும் ஆஃப் பண்ணலாம். இன்வெர்ட்டர் பேட்டரியும் மாடிக்குப் போயிடுச்சு.

நாலாவது, காடி எடுக்கிறது. ஸ்லாப் ஏற்கெனவே போட்டாச்சு, அதுல ஒரே ஒரு ஃபேன் பாக்ஸ்தான் இருந்துச்சு. அதனால பைப் எல்லாம் சுவர் வழியாத்தான். பில்லர்லயும் பீம்லயும் காடி வெட்ட விடாதீங்க, கம்பி வெளிய தெரிஞ்சா துருப்பிடிக்கும். நாலரை இஞ்ச் சுவர்ல நீளமா படுக்கைவாக்குல வெட்டறதும் வேண்டாம். லேன் கேபிளுக்குத் தனி பைப். பவர் வயர் போற பைப்லயே அதையும் திணிக்கக் கூடாது.

பூசறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்

கொத்தனார் பூச்சுக்கு வர்றதுக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் டேப் வெச்சு போட்டோ எடுத்தேன். தரையில இருந்து எத்தனை அடி, மூலையில இருந்து எத்தனை அடின்னு தெரியணும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வெச்சிருக்கோம். நாளைக்கு யாராவது ஷெல்ஃப் மாட்ட டிரில் போட்டா, அந்த போட்டோதான் டாக்குமென்டேஷன்.

பூச்சு காய்ஞ்சு வயர் இழுத்ததும், மெக்கர் வெச்சு இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணச் சொன்னோம். அப்புறம் ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலயும் டெஸ்ட் பட்டன். இப்போ மாசம் ஒரு தடவை அம்மாவே அமுக்குறாங்க. டக்குனு விழுந்தா, "ம், உயிரோட இருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்ப ஏத்தி விடுவாங்க.

இதெல்லாம் நீங்களே செய்யணும்னு நான் சொல்லல. லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். ஆனா என்ன கேட்கணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை. கம்ப்யூட்டர்ல எல்லாம் சேவ் பண்ணிட்டு, உங்க வீட்டு டி.பி. பாக்ஸ்ல ஆர்.சி.சி.பி.யைத் தேடிப் பாருங்க. டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழலைன்னாலோ, அப்படி ஒண்ணே இல்லைன்னாலோ, அடுத்த மழைக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அப்புறம் ஊர்ல இருக்கிற அம்மாவுக்கும் ஒரு போன் போட்டு, அங்கயும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.