குளத்து நீரும் மூளைக் காய்ச்சலும்

குளங்களின்றி நாஞ்சில் நாட்டை நினைத்துப் பார்த்தல் அரிது. தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களின் நெல் வயல்களுக்கு நீரளிப்பவை அவை. ஊரார் நீராடும் துறைகளும் அவற்றிலே உள்ளன. இத்தகைய நன்னீரில், கொடியதொரு மூளைக் காய்ச்சலை விளைவிக்கும் நுண்ணுயிர் சில வேளை இருக்கக்கூடும். நோய் மிக அரிதானது. ஆயினும் மாணவர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

அந்நுண்ணுயிர் ஓர் அமீபா. ஒரே உயிரணுவாலான உடல் உடையது. வெதுவெதுப்பான நீரிலும் அடிச் சேற்றிலும் பாக்டீரியாக்களைத் தின்று வாழும். 45 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். கடல் நீரில் வாழாது. ஆஸ்திரேலியாவில் ஃபௌலர், கார்ட்டர் என்னும் மருத்துவர்கள் 1965-இல் இந்நோயை விளக்கி எழுதினர். ஃபௌலரின் பெயராலேயே இந்த அமீபா 'நெக்லேரியா ஃபௌலரி' என வழங்கப்படுகிறது.

அந்த நீரைப் பருகினால் இந்நோய் வருமா? வாராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா? தொற்றாது. அமீபா நுழையும் வாயில் மூக்கு ஒன்றே. நாம் குதிக்கும்போதும் முங்கும்போதும் நீர் மூக்கினுள் விசையுடன் ஏறுகிறது. மூக்கின் மேற்புறத்தே சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்றுண்டு. அதன் துளைகள் வழியாக மோப்ப நரம்பின் இழைகள் மூளைக்குச் செல்கின்றன. அவ்விழைகளைப் பற்றியே அமீபா மூளையை அடைந்து அதனை அழிக்கத் தொடங்குகிறது.

நீராடிய 12 நாட்களுக்குள் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை தோன்றும். பின்னர்க் கழுத்து விறைக்கும், அறிவு மயங்கும், வலிப்பு உண்டாகும். பாக்டீரியாவால் வரும் மூளைக் காய்ச்சலிலும் இவையே குறிகள். மருத்துவர் அதுவென்றே எண்ணிச் சிகிச்சை தொடங்கினால் வியப்பில்லை. இடையில் அமீபா தன் வேலையை முடித்துவிடும். குறிகள் கண்ட சில நாட்களிலேயே உயிர் போய்விடும்.

முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரை உடனே உருப்பெருக்கியில் வைத்து நோக்கினால் அமீபா ஊர்வதைக் காணலாம். ஆனால் அமீபாவை ஐயுற்றாலன்றி அதனை யாரும் தேடார். அந்த ஐயத்தை எழுப்புவது ஒரே ஒரு செய்தி: "சில நாட்களுக்கு முன் குளத்தில் முங்கிக் குளித்தான்" என்பது. நோயாளி சொல்ல இயலாத நிலையில் இருப்பார். உடன் வந்தவரே சொல்ல வேண்டும்.

2024-இல் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் இந்நோயிலிருந்து மீண்டான். அவன் குளத்தில் நீந்தியதை அவன் தந்தையார் மருத்துவரிடம் எடுத்துரைத்தது பெருந்துணையாயிற்று. அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நம் களியக்காவிளை எல்லைக்கு அப்பால் அண்மையிலுள்ள நெய்யாற்றின்கரைப் பகுதியில், ஒரே குளத்து நீரைப் பயன்படுத்திய இளைஞர்கள் சிலருக்கு அமீபா மூளைக் காய்ச்சல் கண்டது. ஒருவர் இறந்தார். அதன்பின் மற்றவர்களைக் காலந்தாழ்த்தாது சோதித்தனர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்று அவர்கள் பிழைத்தனர்.

இந்நோய்க்குத் தனி மருந்து ஒன்றில்லை. ஆம்ஃபோடெரிசின், காலா அசார் நோய்க்குத் தரும் மில்டெஃபோசின், ரிஃபாம்பிசின் முதலிய பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளை வீக்கத்தையும் தணிக்கின்றனர். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை நெக்லேரியா நோய் கண்ட 164 பேரில் நால்வரே பிழைத்தனர். விரைந்து தொடங்கும் சிகிச்சை எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

குளங்களை வெறுக்க வேண்டுவதில்லை. கோடையில் நீர் வற்றிச் சூடேறிய குளத்தில் குதியாதீர்கள், சேற்றைக் கலக்காதீர்கள், தலையை நீருக்கு மேலே வைத்து நீராடுங்கள். முங்க நேர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். மூக்கைக் கழுவுவோர் கொதித்து ஆறிய நீரையே கொள்க. நீராடிய இரு வாரத்துக்குள் தலைவலியும் காய்ச்சலும் கூடிவந்தால், உடனே மருத்துவமனைக்குச் சென்று, எந்த நாளில் எந்த நீரில் முங்கினீர்கள் என்பதை மருத்துவர் கேட்குமுன்னரே சொல்லுங்கள்.