கடைசியாகக் கரை சேரும் குழந்தை

நம் நல்லம்பள்ளிப் பகுதியில் கிணற்றில் நீச்சல் கற்பிக்கும் தந்தை, மகனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி நீரில் இறக்குகிறார். மகன் தத்தளித்துப் படியைத் தொட்டதும் அவருடைய முகம் மலர்கிறது. "எத்தனையாவதாக வந்தாய்?" என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அதே மகன் நகரத்து நீச்சற்குளத்தில் போட்டியிட்டுக் கடைசியாக வரும்போதோ, அம்முகம் வாடிவிடுகிறது. நீரிலிருந்து தலை தூக்கும் குழந்தை முதலில் தேடுவது அந்த முகத்தைத்தான்.

கடைசியாக வருதல் சோம்பலின் அடையாளம் அன்று. ஒரே வயதுப் பிரிவிலும் ஒரு பிள்ளை மற்றொன்றைவிடப் பல மாதம் மூத்ததாய் இருக்கலாம். உயரமும் கை நீளமும் வேறுபடும். ஒரு பிள்ளை ஐந்தாண்டு பயின்றிருக்க, மற்றொன்று ஐந்து மாதமே பயின்றிருக்கும்.

பயிற்சியின் குறைவு உலக அரங்கிலும் ஒருமுறை வெளிப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில், ஆப்பிரிக்காவிலுள்ள எக்குவடோரியல் கினி நாட்டு இளைஞர் எரிக் மூசாம்பானி 100 மீட்டர் நீச்சலுக்கு வந்தார். அவர் நீந்தக் கற்று ஓராண்டும் ஆகவில்லை. பயின்றதோ ஒரு விடுதியின் சிறு குளத்தில். 50 மீட்டர் நீளக் குளத்தைச் சிட்னியில்தான் முதன்முதலாகக் கண்டார். உடன் நின்ற இருவரும் முந்திக் குதித்ததால் நீக்கப்படவே, தனியே நீந்தினார். இறுதியில் கைகள் சோர்ந்தன. பார்வையாளர் ஆர்ப்பரித்து ஊக்கமூட்டினர். 1 நிமிடம் 52.72 வினாடியில் சுவரைத் தொட்டார். முன்னணி வீரர்கள் 50 வினாடிக்குள் முடிக்கும் தூரம் அது! ஆயினும் அவர் நீச்சலைக் கைவிடவில்லை. பின்னர்த் தம் நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் கீழே குறைத்தார். 2012-இல் தம் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார்.

முன்பின் அறியாத மக்கள் ஓர் அயல்நாட்டவருக்குச் செய்ததைப் பெற்றோர் தம் பிள்ளைக்குச் செய்யலாகாதா? கடைசிக் குழந்தை சுவரைத் தொடும்வரை இடம் விட்டு அகலாதீர்கள், கை தட்டுங்கள். துண்டால் போர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். "நீதான் வென்றாய்" என்று பொய்யுரைக்க வேண்டா. உண்மை குழந்தைக்குத் தெரியும். "உன் அக்காளைப் பார்" என்று ஒப்பிடவும் வேண்டா. அழுதால் அழட்டும், வீடு திரும்பும் வழியிலேயே குறைகளை ஆராயாதீர்கள். மூச்சு வாங்குவதையும் கால் உதைப்பதையும் பயிற்சியாளர் பின்னர்த் திருத்துவார்.

ஒவ்வொரு முறையும் குழந்தை எடுத்துக்கொண்ட நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சென்ற முறை 40 வினாடி, இம்முறை 38 எனில், அந்த இரண்டு வினாடியும் அதன் உழைப்பின் பலன். அடுத்த போட்டிக்குச் செல்வதா என்பதை மறுநாள் குழந்தையையே கேளுங்கள். "போகிறேன்" என்று அது அஞ்சாமல் சொல்லுமானால், உங்கள் ஆதரவு வீண்போகவில்லை.