வானிலைத் தாமதமும் விமான எரிபொருள் மேலாண்மையும்

மூடுபனி, இடிமழை, பலத்த காற்று போன்ற காரணங்களால் விமானம் குறித்த நேரத்தில் தரையிறங்க முடியாதபோது, மீதமுள்ள எரிபொருளைக் கணக்கிட்டுத் தக்க நேரத்தில் முடிவெடுப்பது எரிபொருள் மேலாண்மை எனப்படும். பறக்கும் விமானத்தில் எரிபொருள் என்பது நேரமே ஆகும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது இன்னும் எத்தனை நிமிடங்களுக்குப் போதும் என்பதையே விமானி கவனிக்கிறார்.

எரிபொருளின் பகுதிகள்

புறப்படும் முன்பே எரிபொருள் பல பகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. சேருமிடம் வரை பறப்பதற்கான பயண எரிபொருள் முதலாவது. எதிர்பாராத காற்று, பாதை மாற்றம் ஆகியவற்றுக்காக வழக்கமாகப் பயண எரிபொருளில் 5 விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கப்படும். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குச் செல்லத் தேவையானது மூன்றாவது. கடைசியாக இருப்பது இறுதிக் கையிருப்பு. பன்னாட்டு விதிகளின்படி, ஜெட் விமானம் ஒன்று நிலையத்துக்கு மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடங்கள் வட்டமிடப் போதுமான அளவு இது. இதைத் தொடாமலே தரையிறங்க வேண்டும் என்பதே திட்டம்.

வட்டமிடலும் முடிவும்

ஓடுதளம் நெரிசலாக இருந்தால், கட்டுப்பாட்டாளர்கள் விமானங்களை வானில் குறிப்பிட்ட இடங்களில் வட்டமிடச் செய்வர். எப்போது வரை காத்திருக்க நேரலாம் என்ற உத்தேச நேரத்தையும் தெரிவிப்பர். வட்டமிடும் ஒவ்வொரு நிமிடமும் கையிருப்பைக் குறைக்கிறது. மாற்று நிலையத்துக்கான எரிபொருளும் கரையத் தொடங்கிவிட்டால், அங்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும். எனவே, "எந்த அளவு வந்ததும் காத்திருப்பதை நிறுத்திவிட்டு மாற்று நிலையத்துக்குச் செல்வது" என்பதை விமானி முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறார்.

ஏவியாங்கா 52

1990 சனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற ஏவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம், மோசமான வானிலையால் மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடங்கள் வட்டமிட வைக்கப்பட்டது. மூன்றாவது முறை காத்திருந்தபோது, இன்னும் சுமார் ஐந்து நிமிடங்களே தாங்கும் என்றும், மாற்று நிலையமான பாஸ்டனை இனி அடைய முடியாது என்றும் விமானிகள் கூறினர், முன்னுரிமையும் கேட்டனர். ஆனால் "அவசரநிலை" என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளர்களிடம் கடைசி வரை பயன்படுத்தவில்லை.

கென்னடி விமான நிலையத்தில் முதல் முயற்சியில் தரையிறங்க முடியவில்லை. மீண்டும் மேலெழுந்தபோது, அவசரநிலை என்று தெரிவிக்குமாறு தலைமை விமானி துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ எரிபொருள் தீர்ந்துவருகிறது என்று மட்டுமே வானொலியில் கூறினார். இரண்டாவது முயற்சிக்காகச் சுற்றி வருகையில் இயந்திரங்கள் நின்றுபோயின. விமானம் லாங் ஐலண்டில் உள்ள கோவ் நெக் பகுதியில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர். எரிவதற்கு எரிபொருள் இல்லாததால் தீப்பற்றவில்லை.

எரிபொருளைச் சரிவர மேலாளாததும், அவசரநிலையை உரிய நேரத்தில் அறிவிக்காததுமே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. விமானப் போக்குவரத்து வரத்தைச் சரியாக ஒழுங்குபடுத்தாததும், குறைந்த எரிபொருளைக் குறிக்க இருதரப்புக்கும் பொதுவான தெளிவான சொற்கள் இல்லாததும் துணைக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இன்றைய அறிவிப்புச் சொற்கள்

இன்று பன்னாட்டு விதிகளில் இரண்டு அறிவிப்புகள் உள்ளன. "மினிமம் ஃபியூயல்" என்றால், விமானம் ஒரே நிலையத்தில் இறங்குவது என்று உறுதியாகிவிட்டது. இனியும் தாமதம் நேர்ந்தால் இறுதிக் கையிருப்பில் கைவைக்க நேரலாம் என்று பொருள். இது எச்சரிக்கை மட்டுமே. முன்னுரிமை கோரல் ஆகாது. "மேடே ஃபியூயல்" என்பது அவசரநிலை அறிவிப்பு. பாதுகாப்பாக இறங்கக்கூடிய மிக அருகிலுள்ள நிலையத்தில் இறங்கினாலும், இறுதிக் கையிருப்பைவிடக் குறைவாகவே எரிபொருள் மிஞ்சும் என்று கணக்கிட்டவுடன் விமானி இதை அறிவிக்க வேண்டும். தொட்டி வற்றும் வரை காத்திருக்கக் கூடாது.

ஒரே வானொலி அலைவரிசையில் பல விமானங்களுடன் பேசிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளருக்கு, ஒரு விமானத்தின் எரிபொருள்மானி தெரியாது. விமானி சொல்லும் சொல்லைக் கொண்டே அவர் நிலைமையை அறிகிறார்.