எலினோர், சிகாகோ, 1949
ஹாரி காலஹன் (1912–1999)
ஜெலட்டின் சில்வர் பிரிண்ட்

மிச்சிகன் ஏரியில் தோளளவு தண்ணீரில் இருப்பவர் எலினோர், காலஹனின் மனைவி. கண்கள் மூடியிருக்கின்றன. நீர்மேல் இழை இழையாகப் படர்ந்திருக்கும் கூந்தலைக் கிட்டே வந்து பாருங்கள்.

டெட்ராய்டில் கிரைஸ்லர் நிறுவனத்தில் வேலை பார்த்த காலஹன், 1938இல் கேமராவைக் கையிலெடுத்துத் தாமாகவே கற்றவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. ஆனாலும் 1946இல் சிகாகோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனின் நிறுவனர் மொஹோலி-நாகி அவரை அங்கே ஆசிரியராக அழைத்தார்.

காலையில் ஊரைச் சுற்றிப் படமெடுப்பார், பிற்பகலில் பிரிண்ட் போடுவார். விட்டுச்சென்ற நெகட்டிவ்கள் ஏறத்தாழ 1,00,000. ஆண்டுக்கு ஐந்தாறு படங்களே தேறும் என்பது அவருடைய கணக்கு. அதிகம் பேசாத இந்த ஆசிரியரிடம் மாணவர்கள் கண்டு கற்றது இந்த விடாமுயற்சியைத்தான். 1961இல் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனுக்குப் போனவர், 1977வரை அங்கே கற்பித்தார்.